உளவியல் பட்டம்: சேருவதற்கு முன் கடைசிப் படியைப் பாருங்கள்

பேராக்கில் சுங்காய், சிலிம் ரிவர், பீடோர் பக்கம் ஒரு பிள்ளை ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் முடித்துவிட்டு உளவியல் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால் இரண்டு வகைப் பதில் வரும். "தஞ்சோங் ரம்புத்தான்ல வேலையா?" என்று மாமா கிண்டலடிப்பார். "டாக்டர் மாதிரிதானே, படிக்கட்டும்" என்று அம்மா பெருமைப்படுவார். இரண்டு கணக்கும் தப்பு. தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் தொடங்கிய மனநல மருத்துவமனை, இன்றைய பஹாகியா உலு கிந்தா, இந்தத் துறைக்காரர்கள் வேலை செய்யும் பல இடங்களில் ஒன்று, அவ்வளவுதான். பட்டம் வாங்கிய மறுநாளே யாருக்கும் சிகிச்சை கொடுக்கவும் முடியாது.

மலேசியாவில் இந்தப் படிப்பைப் பின்னாலிருந்து முன்னால் திட்டமிட வேண்டும். என்ன வேலை செய்ய ஆசை, அந்த வேலைக்குப் பதிவு வேண்டுமா, பதிவு தரும் வாரியம் எந்தப் பட்டத்தை ஏற்கிறது என்ற வரிசையில் போனால்தான் எங்கே விண்ணப்பிப்பது என்பது தெளிவாகும். பிரசுரத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் மாணவர் படத்தைப் பார்த்துச் சேர்ந்தவர்கள் இந்தக் கேள்விகளை மூன்றாம் ஆண்டில்தான் கேட்கிறார்கள். அப்போது திரும்பி வரும் வழி நீளமானது.

பதிவும் பட்டமும்

மனநல மருத்துவர், அதாவது மருந்து எழுதித் தருபவர், முதலில் மருத்துவப் பட்டம் பெற்றவர். ஹவுஸ்மேன்ஷிப் என்ற மருத்துவமனைப் பயிற்சி முடித்து, பிறகு மனநலத் துறையில் நிபுணத்துவப் பயிற்சி எடுத்தவர். உளவியல் பட்டத்திலிருந்து அந்தப் பக்கம் தாவ முடியாது. அந்த ஆசை இருந்தால் படிவம் நான்கிலேயே அறிவியல் பாடங்களை எடுக்க வேண்டும்.

மருத்துவ உளவியலாளர் மருந்து தருவதில்லை. நோயின் தன்மையை மதிப்பிடுகிறார், அறிவுத்திறன் சோதனை போன்றவற்றை நடத்துகிறார், பேச்சு வழிச் சிகிச்சை தருகிறார். 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம், எண் 774, இவர்களுக்கும் பொருந்தும். 2020 ஜூலை 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. அதன்படி பதிவும் தொழில் சான்றும் இல்லாமல் இந்தப் பெயரில் தொழில் நடத்த முடியாது. அதற்கு இளங்கலை போதாது, மருத்துவ உளவியலில் முதுகலை வேண்டும்.

ஆலோசகர், நாம் பேச்சில் கவுன்சலர் என்கிறவர், 1998ஆம் ஆண்டின் ஆலோசகர்கள் சட்டம், எண் 580, கீழ் வருகிறார். லெம்பாகா கவுன்சலர் என்ற வாரியத்தில் பதிந்தவர்கள்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். நம் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். உளவியல் பட்டம் வேறு, ஆலோசனைப் பட்டம் வேறு. உளவியல் படித்தவர் கவுன்சலராகப் பதிய வேண்டுமென்றால், வாரியம் ஏற்கும் ஆலோசனை முதுகலை ஒன்றையும் முடிக்க வேண்டும். பாடத்திட்டத்தில் "ஆலோசனைத் திறன்கள்" என்று ஒரு பாடம் இருப்பதால் பதிவு கிடைத்துவிடாது. சேர்க்கைப் பிரிவில் இருப்பவர் "கிடைக்கும், கிடைக்கும்" என்றால், வாரியம் அங்கீகரித்த கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டார் என்றால் பதில் தெரிந்துவிட்டது.

பள்ளியில் கவுன்சலிங் ஆசிரியராக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் கல்வி சார்ந்த வழிகாட்டல், ஆலோசனைப் பட்டத்தைத் தேட வேண்டும். தஞ்சோங் மாலிமில் இருக்கும் சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகம் இந்தத் துறைக்குப் பேர்போனது. சிலிம் ரிவரிலிருந்து பக்கம்தான்.

பதிவு தேவைப்படாத வேலைகளுக்கு, மனிதவளம், சமூக நலன், சந்தை ஆய்வு, பயிற்சி, சிறப்புக் குழந்தைகளுக்கான மையங்கள் என்று போகிறவர்களுக்கு, பொதுவான உளவியல் பட்டம் போதும். படிக்கிறவர்களில் பெரும்பாலோர் இந்தப் பக்கம்தான் போகிறார்கள். இதில் குறை ஒன்றும் இல்லை, தெரிந்து போனால் சரி.

நுழைவு

எஸ்பிஎம்மிலும், ஆறாம் படிவத் தேர்வான எஸ்டிபிஎம்மிலும் உளவியல் என்று ஒரு பாடம் கிடையாது. ஆகவே இதற்கென்று முன்கூட்டியே எடுக்க வேண்டிய பாடம் ஏதும் இல்லை. ஆனால் மூன்று தேர்ச்சிகளைக் கோட்டை விடக் கூடாது. கணிதமும் ஆங்கிலமும் பல இடங்களில் நிபந்தனையாகவே இருக்கும், எந்த அளவு தேர்ச்சி என்பது இடத்துக்கு இடம் மாறும். மூன்றாவது மலாய் மொழி. அரசாங்கத்தில் அதிகாரி வேலைக்கு விண்ணப்பிக்க எஸ்பிஎம் மலாய் மொழியில் கிரெடிட் தேர்ச்சி வேண்டும். உளவியலில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு, இந்த ஒரு கிரெடிட் இல்லாமல் மலாய் தாளைத் திரும்ப எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் போக, படிவம் ஆறு படித்து எஸ்டிபிஎம் எழுதுவது நம் பட்டணங்களில் செலவு குறைந்த வழி. மூன்று பருவம், ஒன்றரை ஆண்டு. தமிழ் மொழியையும் ஒரு பாடமாக எடுக்கலாம். மெட்ரிகுலேஷன் கிடைத்தால் ஓராண்டில் முடியும். தனியார் பல்கலைக்கழகத்தின் அடிப்படை ஆண்டு பெரும்பாலும் அந்த நிலையத்துக்குள் நுழைவதற்கான சாவி. அதை வைத்துக்கொண்டு யுபியு என்ற பொதுச் சேர்க்கை முறை வழியாக அரசாங்கப் பல்கலைக்குப் போய்விடலாம் என்று நம்பி இறங்காதீர்கள்.

யுபியு மதிப்பீட்டில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சி, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. அந்தப் பத்தைத் தோட்டத்துப் பிள்ளைகள்தான் அதிகம் இழக்கிறார்கள். காரணம் எளிது: பள்ளிப் பேருந்து மதியம் போய்விடும், சீருடை இயக்கம் சாயங்காலம் நடக்கும். படிவம் நான்கு தொடங்கும்போதே ஒரு கழகம், ஒரு விளையாட்டு, ஒரு சீருடை இயக்கம் மூன்றிலும் பெயர் இருக்க வேண்டும். வாரத்தில் அந்த ஒரு நாளுக்கு இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து வண்டி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். செயலாளர், பொருளாளர் பதவிக்குத் தனிப் புள்ளி உண்டு. சான்றிதழ்களை அந்தந்த ஆண்டே வாங்கி ஒரு கோப்பில் வையுங்கள். பொறுப்பாசிரியர் மாற்றலாகிப் போன பிறகு கையெழுத்து வாங்குவது பெரும்பாடு. மியூட் என்ற ஆங்கிலத் தேர்வையும் கடைசி நேரத்துக்குத் தள்ளாமல், ஒருமுறை சரியாக வராவிட்டால் இன்னொரு முறை எழுத அவகாசம் இருக்கும்படி எழுதுங்கள்.

எங்கே படிக்கலாம்? பாங்கியில் யுகேஎம், கோம்பாக்கில் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம், கோத்தா கினபாலுவில் யுஎம்எஸ் ஆகியவை அரசாங்கப் பக்கம் நினைவில் வைக்க வேண்டியவை. தனியாரில் ஹெல்ப், சன்வே, மோனாஷ் மலேசியா, டெய்லர்ஸ் என்று பட்டியல் நீளும். பேராக்கில் இருப்பவர்களுக்குக் கம்பாரில் யூதார் இருக்கிறது. அங்கே உளவியலும் உண்டு, வழிகாட்டலும் ஆலோசனையும் தனிப் பட்டமாகவும் உண்டு. இரண்டையும் குழப்பி விண்ணப்பிக்காதீர்கள். சுங்காயிலிருந்தோ சிலிம் ரிவரிலிருந்தோ இடிஎஸ் ரயிலில் தினமும் போய்வரலாம் என்று நினைத்தால், முதலில் ரயில் அட்டவணையையும் வகுப்பு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலை 8 மணி வகுப்பும் சாயங்காலக் குழு வேலையும் இருக்கும் நாளில் அறை எடுத்துத் தங்குவதே மேல்.

எந்த இடமானாலும் பணம் கட்டும் முன், படிப்புகளை அங்கீகரிக்கும் எம்கியூஏ அமைப்பின் பதிவேட்டில் படிப்பின் முழுப் பெயரைத் தேடுங்கள். நிலையத்தின் பெயர் இருந்தால் போதாது. அந்தப் படிப்பு, அந்த வளாகம், அங்கீகாரம் எந்தத் தேதி வரை என்பது மூன்றும் பொருந்த வேண்டும்.

பணம்

அரசாங்கத்தின் உயர்கல்விக் கடனான பிடிபிடிஎன், எம்கியூஏ அங்கீகாரம் உள்ள படிப்புக்குத்தான் கிடைக்கும். நிர்வாகக் கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடு. அதற்கு எஸ்எஸ்பிஎன் என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு முன்கூட்டியே திறந்திருக்க வேண்டும். பலருக்குச் சிக்கல் தொகையில் வருவதில்லை, நேரத்தில் வருகிறது. பதிவுக் கட்டணம், தங்குமிட முன்பணம், முதல் மாதச் சாப்பாடு எல்லாம் கடன் பணம் வருவதற்கு முன்பே கேட்கப்படும். அந்த முதல் இரண்டு மாதத்துக்கான பணத்தைத் தனியாக ஒதுக்கிவிட்டு விண்ணப்பியுங்கள்.

தோட்டத்தில் வேலை செய்யும் பெற்றோருக்கு ஊழியர் சேமநிதி இருக்கும். பிள்ளையின் மேற்படிப்புக்கு அதிலிருந்து எடுக்கலாம். 2024 மே மாதம் கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்ட பிறகு, கல்விக்கான பணம் செஜாத்ரா கணக்கிலிருந்து வருகிறது. சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். பிறப்புச் சான்றிதழில் இருக்கும் அப்பா பெயரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் எழுத்து மாறியிருந்தால் பதிவிலாகாவுக்கு முதலில் போங்கள். நம் ஆட்களுக்கு "த/பெ", "ஏ/எல்" குழப்பத்தால் இது அடிக்கடி நடக்கிறது.

படிக்கும்போது

கணக்குக்குப் பயந்து இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு முதல் ஆண்டே அடி விழும். புள்ளியியலும் ஆய்வுமுறையும் இல்லாத உளவியல் பட்டம் கிடையாது. அதோடு மூளையும் நரம்பும் பற்றிய பாடம், குழந்தை வளர்ச்சி, சமூக உளவியல், ஆளுமை, அறிதல், மனக்கோளாறுகள், உளவியல் சோதனைகள், தொழில்துறை உளவியல் எல்லாம் வரும். "மனுஷங்க பேசினா கேக்கப் பிடிக்கும்" என்பது நல்ல குணம். ஆனால் மதிப்பெண் அதற்குக் கிடையாது, அதைச் சோதித்துப் பார்க்கும் முறைக்குத்தான்.

நேரக் கணக்கு இப்படி: எம்கியூஏ முறையில் ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேர உழைப்பு. 3 கிரெடிட் பாடம் 120 மணி. வாரம் 3 மணி வீதம் 14 வாரம் வகுப்பில் உட்கார்ந்தால் 42 மணி ஆகிறது. மீதி 78 மணி உங்கள் கையில், வாரத்துக்கு ஐந்தரை மணிக்கு மேல். ஐந்து பாடம் எடுத்தால் வகுப்பு போக வாரம் 28 மணி. பகுதிநேர வேலைக்குக் கையெழுத்துப் போடும் முன் இந்த எண்ணைப் பாருங்கள்.

புள்ளியியலில் தோற்பவர்கள் பெரும்பாலும் எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளில் பொத்தான் வரிசையை மனப்பாடம் செய்தவர்கள். ஒவ்வொரு சோதனையையும் பத்து எண்களை வைத்துக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள், பிறகு மென்பொருளுக்குப் போங்கள். எதிர்மறை வினாக்களின் மதிப்பெண்ணை (4 என்றால் 1 என்று) திருப்பிக் கணக்கிட மறப்பது இன்னொரு வழக்கமான பிழை. ரோசன்பெர்க் சுயமதிப்பு அளவுகோலில் 10 வினாக்களில் 5 எதிர்மறை. அவற்றைத் திருப்பாமல் கூட்டினால் வினாக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் நம்பகத்தன்மைக் குணகம் தரைமட்டமாகும், சில நேரம் எதிர்மறை எண்ணாகவே வரும். அப்படி வந்தால் தரவைக் குறை சொல்லாமல் முதலில் இதைச் சரிபாருங்கள். மென்பொருள் .000 என்று காட்டும் முக்கியத்துவ எண்ணை (p) அப்படியே அறிக்கையில் எழுதாதீர்கள், .001க்கும் குறைவு என்று எழுத வேண்டும்.

இறுதியாண்டு ஆய்வைத் தோட்டத்தில் செய்ய நினைப்பவர்களுக்கு

நல்ல எண்ணம், ஆனால் வழியில் குழிகள் உண்டு. எத்தனை பேர் வேண்டும் என்பதை முதலில் கணக்கிடுங்கள். இரண்டு விஷயங்களுக்கிடையே நடுத்தர அளவுத் தொடர்பைக் கண்டுபிடிக்க, 0.05 முக்கியத்துவ அளவில் (இல்லாத தொடர்பை இருப்பதாகச் சொல்லும் ஆபத்து 5 விழுக்காடு) 80 விழுக்காடு ஆற்றலோடு (இருக்கும் தொடர்பு கண்ணில் படும் வாய்ப்பு), ஏறக்குறைய 85 பேர் தேவை. இரண்டு குழுக்களை ஒப்பிட வேண்டும் என்றால் குழுவுக்கு 64 பேர். இன்றைக்குப் பல தோட்டங்களில் வெட்டு வேலையிலும் உர வேலையிலும் இருப்பவர்கள் வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்கள். ஒரே தோட்டத்தில் 85 தமிழர் கிடைப்பது கடினம். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்தவர்களையும் சேர்த்துக்கொள்ளும்படி தலைப்பை ஆரம்பத்திலேயே விரித்து வையுங்கள். பல்கலைக்கழக ஆய்வு நெறிக்குழுவின் ஒப்புதல் வாங்கிய பிறகு தலைப்பை மாற்றினால் மீண்டும் முதலிலிருந்து வர வேண்டும்.

காலையில் பெரட்டில், அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் கூட்டத்தில், எல்லாரும் ஒன்றாக நிற்கிறார்களே, அங்கேயே படிவத்தைக் கொடுத்து வாங்கிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். வேலை வாங்கும் தண்டல் பக்கத்தில் நிற்க, "வேலை இடத்தில் உங்களுக்கு மன உளைச்சல் உண்டா?" என்ற கேள்விக்கு எல்லாரும் "இல்லை" என்ற கட்டத்தில்தான் கோடு போடுவார்கள். தரவு வீண் என்பது ஒரு பக்கம். நிர்வாகத்துக்குப் பயந்து நிரப்பிய படிவத்தைச் சம்மதம் என்று சொல்லவே முடியாது என்பது பெரிய பக்கம். மேலாளரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள், ஆனால் படிவத்தைச் சாயங்காலம் வீட்டிலோ கோயில் மண்டபத்திலோ கொடுங்கள். பெயர் கேட்காதீர்கள். மடித்துப் போட ஒட்டிய பெட்டி ஒன்று வையுங்கள். வாசிக்கச் சிரமப்படுகிறவருக்கு வினாவைப் படித்துக் காட்டலாம், ஆனால் எல்லாருக்கும் ஒரே சொற்களில், ஒரே தொனியில். படித்துக் காட்டுபவர் அதே லயத்துப் பிள்ளையாக இருக்கக் கூடாது.

வினாத்தாளைத் தமிழாக்குவது தனி வேலை. ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவர, இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்தி, பிறகு சிறு குழுவிடம் சோதிக்க வேண்டும். இதற்கு ஒரு மாதமாவது ஒதுக்குங்கள். ஏற்கெனவே சரிபார்க்கப்பட்ட தமிழ்ப் பதிப்பு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். தமிழ்நாட்டுப் பதிப்பு கிடைத்தால் அதன் சொற்கள் நம் ஆட்களுக்குப் புரிகிறதா என்று நான்கைந்து பேரிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிப் பாருங்கள்.

மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 படிவத்தின் ஒன்பதாவது வினா உயிரை விடும் எண்ணத்தைப் பற்றியது. பெயரில்லாத படிவத்தில் ஒருவர் அதற்கு "சில நாள்" என்றோ அதற்கு மேலோ குறித்தால் அவரைத் தேடிப் போக உங்களுக்கு வழி இல்லை. அதனால்தான் பல மேற்பார்வையாளர்கள் அந்த வினா இல்லாத பிஎச்கியூ-8ஐ எடுக்கச் சொல்கிறார்கள். எதைப் பயன்படுத்தினாலும் படிவத்தின் கடைசியில் சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555ஐப் போடுங்கள்.

பயிற்சியும் வேலையும்

தொழிற்பயிற்சிக்கு மூன்று நான்கு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். மருத்துவமனைகளுக்கு அனுமதி நடைமுறை நீளம். சுகாதார அமைச்சின் சமூக மனநல மையங்களான மெந்தாரி, சிறப்புக் குழந்தைகளுக்கான ஆரம்பத் தலையீட்டு மையங்கள், சமூகநல இலாகா, தோட்ட நிறுவனங்களின் மனிதவளப் பிரிவு, தஞ்சோங் மாலிம் பக்கத்துத் தொழிற்சாலைகள் எல்லாம் கதவு தட்ட வேண்டிய இடங்கள். ஒப்புக்கொள்ளும் முன் என்னென்ன வேலை கொடுப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்காமல் போனால் மூன்று மாதமும் போட்டோஸ்டாட் எடுப்பதிலேயே கழியும், குறிப்பேட்டில் எழுத ஒன்றும் இருக்காது.

அரசாங்கத்தில் உளவியல் அதிகாரி பதவிக்கு உளவியல் பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம். முன்பு எஸ்41 என்றிருந்த தரம், 2024 டிசம்பர் 1இல் தொடங்கிய புதிய சம்பள முறையில் எஸ்9. அரசாங்க வேலைக்கு ஆள் எடுக்கும் ஆணையமான எஸ்பிஏவில் ஒருமுறை பதிந்துவிட்டு அழைப்புக்குக் காத்திருந்தால் போதாது. பதிவு காலாவதியாகும், புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். சிறைச்சாலைத் துறை, போதைப்பொருள் தடுப்பு நிறுவனம், சமூகநல இலாகா ஆகியவற்றின் அதிகாரிப் பதவிகளையும் பாருங்கள். தமிழ் சரளமாகப் பேசவும் எழுதவும் தெரிந்த விண்ணப்பதாரர் இந்த இடங்களில் தனித்துத் தெரிவார். தமிழ்ப்பள்ளியோடு தமிழை விட்டுவிட்டவர்கள் எஸ்பிஎம் வரையாவது தொடர்ந்திருக்கலாமே என்று பிறகு நினைக்கிறார்கள்.

தனியாரில் மனிதவளப் பிரிவு அதிகம் எடுக்கிறது. அங்கே வேலைச் சட்டமும் சம்பளக் கணக்கும் தெரிந்தவர் முந்துவார், ஆகவே விருப்பப் பாடமாக அவற்றை எடுத்து வையுங்கள். வார இறுதியில் நடக்கும் "மைண்ட் கோச்" சான்றிதழ்களுக்கு ஆயிரக்கணக்கில் வெள்ளி கொட்டாதீர்கள். மேலே சொன்ன இரண்டு சட்டத்தின் கீழும் அவற்றுக்கு மதிப்பு இல்லை.

ஊருக்கே திரும்பி வந்து ஆலோசகராக வேலை செய்ய நினைப்பவர்கள் ஒரு விஷயத்துக்குத் தயாராக வேண்டும். சின்னப் பட்டணத்தில் வருகிறவர் உங்கள் சித்தியின் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார். உறவினரையும் நெருங்கிய நண்பரையும் நீங்களே பார்க்கக் கூடாது, வேறு ஆளிடம் அனுப்ப வேண்டும். அறிமுகம் மட்டும் உள்ளவர் என்றால் முதல் சந்திப்பிலேயே பேசிவிடுங்கள்: "வெளியில பார்த்தா நானா பேச மாட்டேன், நீங்க பேசினா பேசுவேன், இங்க பேசினது இங்கயே இருக்கும்." தீமிதித் திருவிழாவில் எதிரில் வரும்போது அவருக்கும் சங்கடம் இருக்காது, உங்களுக்கும் இருக்காது. காத்திருக்கும் நாற்காலியைச் சாலையிலிருந்து தெரியும்படி போடாதீர்கள்.

முதுகலைக்குப் போகிறவர்கள்

மருத்துவ உளவியல் முதுகலை யுகேஎம், அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம், ஹெல்ப் போன்ற சில இடங்களில்தான் உண்டு. வழக்கமாக இரண்டு ஆண்டு, மேற்பார்வையோடு நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சியும் ஆய்வேடும் சேர்த்து. இடங்கள் குறைவு, நேர்முகம் கடுமை. முழுநேரப் படிப்பு என்பதால் அந்த இரண்டு ஆண்டும் சம்பளம் இல்லை என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். பட்டம் முடித்ததும் ஓரிரு ஆண்டு மனநலம் சார்ந்த இடத்தில் வேலை செய்து பணமும் அனுபவமும் சேர்த்துக்கொண்டு விண்ணப்பிப்பவர்கள் நேர்முகத்தில் தடுமாறுவதில்லை. மனவேதனையில் இருப்பவர்களின் அழைப்பைக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் போன்ற அமைப்பில் தொண்டராகப் பயிற்சி எடுத்திருந்தால் இன்னும் நல்லது.

பரிந்துரைக் கடிதம் இரண்டு கேட்பார்கள். இறுதியாண்டு மேற்பார்வையாளர் ஒருவர், பயிற்சி இடத்து மேலதிகாரி ஒருவர் என்று இப்போதே முடிவு செய்து, பட்டமளிப்புக்கு முன் நேரில் போய்க் கேட்டு வையுங்கள். உங்கள் ஆய்வுத் தலைப்பு, மதிப்பெண், செய்த வேலை மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். இரண்டு ஆண்டு கழித்து மின்னஞ்சல் அனுப்பினால் விரிவுரையாளருக்கு உங்கள் முகம் நினைவிருக்காது, பொத்தாம்பொதுவாக நான்கு வரி எழுதித் தருவார்.